மூன்றாம் ஓலை

தங்கச்சிமடத்தில் ஒரு வருஷத்துக் கல்யாணங்களில் பாதிக்கு மேல் மே மாதத்தில் நடந்துவிடும். ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் பதினான்கு வரை விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களில் தாய்மாமன் கரையில் இருந்தால் சித்தப்பா கடலில் இருப்பார். சித்தப்பா திரும்பி வந்தால் தாய்மாமன் போயிருப்பார். மே மாதத்தில்தான் பந்தல் போட ஆள் இருக்கும், பந்தியில் உட்கார ஆள் இருக்கும், பந்தியில் உட்கார்ந்து குறை சொல்லவும் ஆள் இருக்கும்.

கிளாட்சனுடைய கல்யாணமும் மே இருபத்தெட்டு என்று முடிவாகியிருந்தது. அவனுக்கு இருபத்தெட்டு வயது. அப்பா சவேரியாரின் விசைப்படகுக்கு அவன்தான் டிரைவர். பெண் ஜோஸ்லின், மூக்கையூர்க்காரி. வயது இருபத்தாறு, உயரம் ஐந்தடி பதினொன்று. அவளைப் பற்றிப் பேசினால் வயதை விட்டாலும் விடுவார்கள், உயரத்தை யாரும் விடுவதில்லை. சென்னையில் ரயில்வேயில் வேலை. கூடைப்பந்து ஆடி வாங்கிய வேலை அது.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு, காபித் தட்டோடு அவள் உள்ளேயிருந்து வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். கிளாட்சன் ஐந்தடி ஏழு. பின்னால், இருவரும் தனியாகப் பேச முற்றத்துக்கு வந்ததும் அவளே கேட்டாள்.

"நான் உக்காந்துக்கிடவா? உங்களுக்குக் கழுத்து வலிக்கும்."

"போட்டுல இருக்கிற ஆண்டெனாவ அண்ணாந்து பாத்துப் பழகின கழுத்துதான். நீங்க நில்லுங்க" என்றான் கிளாட்சன்.

அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. அவளுக்கும்தான் என்று ஒரு வாரம் கழித்து போனில் சொன்னாள்.

நிச்சயம் முடிந்தது. கோயிலில் கல்யாண ஓலையும் வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று அடுத்தடுத்த மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் ஊருக்கு அறிவிப்பதுதான் ஓலை. இரண்டு ஞாயிறு முடிந்தது. மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், படகுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கிளாட்சனுக்கு ஜோஸ்லினிடமிருந்து போன் வந்தது.

"எங்கன இருக்கீக?"

"துறைமுகத்துல. போட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம்."

"பக்கத்துல யாரு?"

"நம்ம சோணைமுத்துதான்."

"அவர கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்களேன்."

சோணைமுத்து உப்பூர்ப் பக்கத்து ஆள். ஆறு வருஷமாக இதே படகில் வேலை. "நான் ஒண்ணும் கேக்கல தங்கச்சி, நீ பாட்டுக்குப் பேசு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலிருந்து அசையாமல் பிரஷ்ஷை மட்டும் மெதுவாக ஓட்டினான்.

ஜோஸ்லின் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றை ஜூலையிலிருந்து ஜூனுக்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். ஆட்டம் கொழும்பில். ஆறு நாடு, ஜெயிக்கிற ஒரு நாட்டுக்குத்தான் இடம். இந்திய அணியின் பன்னிரண்டு பேரில் அவள் பெயரும் இருக்கிறது. மே பதினைந்திலிருந்து பெங்களூரில் பயிற்சி முகாம். இடையில் ஒரு நாள்கூட லீவு கிடையாது. தாய் தகப்பன் செத்தால் மட்டும் விடுவார்களாம்.

"இருபத்தெட்டாம் தேதி…" என்று ஆரம்பித்த கிளாட்சன் நிறுத்திக்கொண்டான்.

"அதான். வரலைன்னு எழுதிக் குடுத்துரவா? திங்கக்கிழமை காலையில சொல்லியாகணும்."

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏற்கெனவே மனதுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தைக்குக் கேட்கிற குரல். நான்கு வருஷத்துக்கு முன்னாலும் இதே போல் பெயர் வந்து, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் கணுக்கால் பிசகி, கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆட்டத்தைப் போனில் பார்த்தவள் அவள். அடுத்த முறைக்கு முப்பது வயது நெருங்கிவிடும். அப்போது யார் கூப்பிடப்போகிறார்கள்?

"எழுதிக் குடுக்காத" என்றான். "திங்கக்கிழமை காலையில நான் கூப்பிடுறேன்."

போனை வைத்ததும் சோணைமுத்து பிரஷ்ஷை டப்பாவில் போட்டான். "கேக்கணும்னு கேக்கலடா. ஆனா உங்க அம்மாகிட்ட இத யாரு சொல்றது?"

அந்தக் கேள்விதான் கேள்வி. அம்மா லீமாரோஸ் கருவாட்டு வியாபாரி. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரைக்கும் அவள் சொன்ன விலைதான் விலை. குறைத்துக் கேட்டவர்கள் வெறும் பையோடு திரும்பியிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே கிளாட்சன் லேசாகத் தூண்டில் போட்டுப் பார்த்தான்.

"அம்மா, தேதிய ஒரு பதினஞ்சு நாள் தள்ளினா என்ன?"

"என்னத்துக்கு?"

"சும்மாதான். வெயிலு சாஸ்தியா இருக்கே."

"வெயிலுக்குப் பயந்தவன் எப்படிலே கடலுக்குப் போற? ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. ஓலை வாசிச்ச பொறவு பொண்ணு வீட்டுல தேதிய மாத்தினா ஊரு என்ன சொல்லும்? போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த நர்ஸ் பொண்ணு, பரீச்சைன்னு தேதிய மாத்துச்சு. கல்யாணமாகிப் புள்ளையும் பெத்துட்டா. இன்னமும் அவளுக்கு 'ஓலையில ஒதுங்கினவ'ன்னுதான் பேரு."

"பொண்ணு வீடுன்னு நான் சொல்லவே இல்லையே."

"நீ சொல்லல. உன் மூஞ்சி சொல்லுது. சாப்பிடு."

சவேரியார் மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு தட்டிலிருந்த மீன் முள்ளை மிகுந்த அக்கறையோடு எடுக்க ஆரம்பித்தார்.

அம்மா சொன்னதில் தப்பில்லை என்பதுதான் தொந்தரவு. ஜோஸ்லின் தேதியை மாற்றக் கேட்டால் அந்தப் பேர் அவளுக்கு ஒட்டிக்கொள்ளும். மாற்றாவிட்டால் கொழும்பு போய்விடும். அப்படிப் போனபின் அவள் இந்த வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். ஆனால் அந்த முற்றத்துச் சிரிப்பாக அது இருக்காது.

மறுநாள் பூசையில் கிளாட்சன் ஆண்கள் பக்கம் ஐந்தாவது வரிசையில் இருந்தான். பிரசங்கம் காதில் விழவில்லை. சாமியார் அறிவிப்புப் பேப்பரை எடுத்தார்.

"தங்கச்சிமடம் சவேரியார், லீமாரோஸ் இவர்களின் மகன் கிளாட்சனும், மூக்கையூர் தொம்மை, செல்வமேரி இவர்களின் மகள் ஜோஸ்லினும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இது மூன்றாம் ஓலை. இவர்கள் திருமணத்துக்கு விக்கினம் ஏதேனும் அறிந்தவர்கள் தெரியப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கிளாட்சன் எழுந்து நின்றான்.

சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மாப்பிள்ளை எந்திரிச்சுக் காட்டணும்னு இல்லப்பா. எல்லாருக்கும் உன்னத் தெரியும். உக்காரு."

"இல்ல சாமி. விக்கினம் இருக்கு."

சாமியார் பேப்பரைக் கீழே வைத்தார்.

"யாரு கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்குத்தான் சாமி."

அடுத்த வாக்கியத்தை அவன் விடிகாலையிலிருந்து மனப்பாடம் செய்துவைத்திருந்தான். நானூறு தலைகள் ஒன்றாகத் திரும்பியதும் அது எங்கேயோ போய்விட்டது. பெண்கள் பக்கத்தில் அம்மாவின் முக்காடு நழுவித் தோளில் விழுந்ததைப் பார்த்தான். "எந்த ஊருப் பொண்ணாம்?" என்று பின் வரிசையில் ஒரு கிழவி கேட்டது கோயில் முழுக்கக் கேட்டது.

சாமியார் கையை உயர்த்தினார். "அமைதி. பூசை முடிஞ்சதும் உள்ள வா. தாய் தகப்பனையும் கூட்டிட்டு வா."

பூசை முடிய இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை.

பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் கிளாட்சன் எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், "தேதி மாறினா என்னாலதான் மாறணும் சாமி. அவ பேரு வரக்கூடாது" என்றான்.

லீமாரோஸ் முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகினாள். "சாமி, இதெல்லாம் ஒரு விக்கினமா? நீங்களே சொல்லுங்க."

"திருச்சபைச் சட்டத்துல பந்து விளையாட்டு விக்கினம் இல்லம்மா" என்றார் சாமியார். அவருக்கு நாற்பது வயதுக்குள்தான். குருமடத்தில் ஒன்பது வருஷம் கூடைப்பந்து ஆடியவர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. "ஆனா ஓலையில ஒருத்தன் எந்திரிச்சுச் சொல்லிட்டான்னா, நான் விசாரிக்காம தாலி ஆசீர்வதிக்க முடியாது. விசாரணை முடிய… சவேரியார், நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"ஒரு மாசம் ஆகும் சாமி" என்றார் சவேரியார். மனைவி திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்து போனை எடுத்தால் ஜோஸ்லினிடமிருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன. கிளாட்சன் கூப்பிட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"எத்தனை புள்ளைக?"

"என்னது?"

"எங்க சித்தி போன் பண்ணுச்சு. உங்களுக்கு வேதாளையில ஒரு குடும்பம் இருக்காம். சித்தி ஒரு புள்ளைங்குது. எங்க அய்யா ரெண்டுன்னு கேள்விப்பட்டாகளாம். அருவாள எடுத்துக்கிட்டு மூக்கையூர்லருந்து பஸ் ஏறப் போறாக."

"அய்யாவ எறக்கு முதல்ல!" என்று கத்திவிட்டு நடந்ததைச் சொன்னான்.

"ஜோஸ்லி?"

"லூசா நீங்க?" என்றாள். இப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "கோயில்ல… எல்லாரு முன்னாடியும்… லூசேதான்."

"பெங்களூருக்குத் துணியெல்லாம் எடுத்து வை" என்றான் கிளாட்சன்.

அவள் போனாள். தேதிதான் இல்லாமல் போனது. ஜூன் பதினைந்து பிறந்தால் படகுகள் கடலுக்குப் போய்விடும். வாரத்தில் சில நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று கரையில் முறை உண்டு. எந்த நாளைக் குறித்தாலும் சொந்தத்தில் பாதிப் பேர் தண்ணீரில் இருப்பார்கள். ஆள் இல்லாத கல்யாணம் லீமாரோஸுக்குக் கல்யாணமே இல்லை. அடுத்த மே மாதம்தான் என்று ஊரே பேச ஆரம்பித்தது. மகனோடு அவள் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியது எதுவானாலும் புருஷன் வழியாகத்தான்.

"உங்க மகனுக்குக் குழம்பு வேணுமான்னு கேளுங்க."

"ஏலே, குழம்பு வேணுமா?" என்பார் சவேரியார், ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்த மகனிடம்.

"வேணும்னு சொல்லுங்கய்யா."

"வேணுமாம்."

"விக்கினம் இல்லாம சாப்பிடச் சொல்லுங்க."

இது பத்து நாள் நடந்தது. பதினோராம் நாள் எதிர்வீட்டு மரியநேசம் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"மனச விட்டுராத லீமா. போனா போகுது. பந்து வெளையாடுற புள்ளைக்கு அடுப்படி தெரியவா போகுது? மண்டபத்துல எனக்குத் தெரிஞ்ச புள்ள ஒண்ணு இருக்கு. குள்ளமா, லட்சணமா…"

லீமாரோஸ் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். உள்ளறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த கிளாட்சன் ஊசியை நிறுத்தினான்.

"யாருக்குப் புள்ள பாக்குற?"

"உம் மகனுக்குத்தான்."

"எம் மகனுக்கு நிச்சயம் பண்ணியாச்சு. மருமக நாட்டுக்கு ஆடப் போயிருக்கா. உன் வீட்டுலருந்து இதுவரைக்கும் யாராச்சும் மதுரைக்காவது ஆடப் போயிருக்காகளா?"

"அதுக்கில்ல லீமா, தேதிதான் இல்லையே…"

"யாரு சொன்னா? ஜூன் பதினாலு, சனிக்கிழமை. பதினோரு மணிப் பூசை. பத்திரிகை வரும், புருஷனக் கூட்டிட்டு வந்து சேரு."

மரியநேசம் வாயைப் பிளந்தாள். "பதினாலா? அன்னைக்கு ராத்திரி போட்டெல்லாம் கெளம்புதே! ஐஸ் ஏத்துவாகளா, டீசல் அடிப்பாகளா, உன் பந்தியில உக்காருவாகளா?"

"உக்காருவாக" என்றாள் லீமாரோஸ். எதிர்வீட்டுக்காரி போனதும் உள்ளறை நோக்கிக் குரல் கொடுத்தாள். "ஏலே விக்கினம்! எந்திரிச்சு வா. அவளுக்குப் போனப் போடு. என்னைக்குத் திரும்பி வாரான்னு கேளு."

பதினோரு நாளில் அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. ஜோஸ்லின் போனில் சொன்ன கணக்கு இப்படி இருந்தது: இறுதி ஆட்டம் பதின்மூன்றாம் தேதி பிற்பகல். அதற்கு முன்னாலேயே தோற்றால் பதினொன்றாம் தேதியே வந்துவிடலாம். இறுதி வரை போனால் பதினாலு விடிகாலை விமானத்தில் சென்னை, அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து கார். எப்படி ஓட்டினாலும் பத்தரை மணி ஆகிவிடும்.

லீமாரோஸ் போனைப் பிடுங்கினாள். "நீ எப்ப வந்தாலும் சரி. ஆனா சேலை கட்டப் பத்து நிமிசம் வேணும், அதுக்குத் தக்கன வா."

"சரி மாமி."

"ஆட்டத்துல கவனம். கண்ட பொண்ணு வந்து இடிச்சான்னா திருப்பி இடி."

"இடிச்சா வெளிய அனுப்பிருவாக மாமி."

"அப்ப அவுக பாக்காதப்ப இடி."

அதற்கப்புறம் லீமாரோஸ் துறைமுகத்துக்கே இறங்கி, படகு படகாகப் போனாள். பதினாலு மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னால் யாரும் ஐஸ் ஏற்றக் கூடாது என்றாள். விசைப்படகுச் சங்கத் தலைவர் தலையைச் சொறிந்தார். ஐஸ் கம்பெனிக்காரர், ஒரே நேரத்தில் அத்தனை படகுக்கும் உடைத்துத் தர முடியாதே என்றார். "பதிமூணாந் தேதியே பாதிய ஏத்துங்க. மீதிக்கு எம் மகனும் மருமகளும் வந்து ஐஸ் பொட்டி தூக்குவாக, போதுமா?" என்றாள். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

"இங்கனருந்து கொழும்புக்காரன் கடல் எட்டிப் புடிக்கிற தூரம்" என்றான் சோணைமுத்து, பெயின்ட் காய்ந்த படகில் வலை ஏற்றிக்கொண்டே. "நாம கொஞ்சம் தாண்டினா நேவிக்காரன் புடிச்சு உள்ள வைக்கிறான். இந்தத் தங்கச்சிய ஏர்போர்ட்டுல மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறான். பொறந்தா அஞ்சடி பதினொண்ணாப் பொறக்கணும்டா."

இந்திய அணி இறுதி வரை போனது. எதிர் அணி இலங்கை. பதின்மூன்றாம் தேதி பிற்பகல் கோயில் மண்டபத்தில் சாமியார் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, லேப்டாப்பை வைத்து, ஆட்டத்தைப் பெரிதாகக் காட்டினார். கல்யாணத்துக்கு வாழை மரம் கட்ட வந்தவர்கள், வெங்காயம் உரிக்க வந்தவர்கள், பாதி ஐஸ் ஏற்றி முடித்தவர்கள் என்று மண்டபம் நிறைந்தது. கபடி தெரிந்த, கைப்பந்து தெரிந்த கூட்டம். இது புது ஆட்டம்.

"அந்த வலைக்கு அடியே இல்லையே" என்றார் சவேரியார் கவலையோடு. "போட்ட பந்து கீழ விழுதே."

"விழணும்யா. அதுதான் கணக்கு" என்றார் சாமியார்.

"அடி இல்லாத வலையில வாழ்க்கையில இப்பத்தான் லாபம் பாக்குறேன்."

முதல் பாதி முழுக்க ஜோஸ்லின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேமரா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோளில் துண்டோடு தெரிந்தாள். லீமாரோஸுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, ஏன் இவள உக்கார வச்சிருக்காக? கல்யாணத்த நிறுத்தி அனுப்பினது பெஞ்சத் தேய்க்கவா? யாரு அந்தக் கோச்சு? நம்பர் இருக்கா?"

"மாத்தி மாத்தி எறக்குவாங்கம்மா. பொறுங்க."

அவள் உட்கார்ந்திருந்த விதம் கிளாட்சனுக்குப் புரிந்தது. முழங்கையை முழங்காலில் ஊன்றி, குதிகாலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தாள். வலையை இறக்கிவிட்டு அது நிறைவதற்குக் காத்திருக்கும்போது அவன் கால் அப்படித்தான் தட்டும்.

மூன்றாம் பகுதியில் இந்தியாவின் உயரமான ஆட்டக்காரி நான்கு தவறு செய்து, ஐந்தாவதானால் வெளியேற்றிவிடுவார்கள் என்ற நிலை வந்ததும் பயிற்சியாளர் கையைக் காட்டினார். ஜோஸ்லின் துண்டை எறிந்துவிட்டு எழுந்தாள். மண்டபத்தில் விசில் பறந்தது. முதல் பந்தைப் பிடித்தவள் பக்கத்தில் ஓடியவளுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டாவதையும் கொடுத்தாள். மூன்றாவதை எதிராளி கையிலிருந்து தட்டி எடுத்து, அதையும் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் தானம் பண்றாளே!" என்று லீமாரோஸ் தலையில் கைவைத்தாள்.

"அதனாலதாம்மா ஆறு பாயின்ட் வந்திருக்கு" என்றார் சாமியார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை மூன்று முறை வந்து, மணியடிக்கும் நேரத்தை ஞாபகப்படுத்தியும் அவர் திரும்பவில்லை.

கடைசிப் பதினெட்டு விநாடி. இந்தியா ஒரு புள்ளி முன்னால். பந்து இலங்கையிடம். அவர்களுடைய வேகமான பெண் ஒருத்தி, நடுவிலிருந்து நேராகக் கூடையை நோக்கி ஓடி வந்தாள். வழியில் ஜோஸ்லின். ஒதுங்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றி, கையை மார்போடு வைத்து, அப்படியே நின்றாள். வந்தவள் பலமாக மோதினாள். முழங்கை ஜோஸ்லினின் கண்ணோரத்தில் இறங்கியது. அவள் பின்னால் சாய்ந்து தரையில் வழுக்கிக்கொண்டு போனாள். பந்து கூடைக்குள் விழுந்தது.

மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒரே குரலில் "அய்யோ" என்றார்கள். கிளாட்சன் தன்னை அறியாமல் வெள்ளைத் துணி வரைக்கும் போய்விட்டான். நடுவர் விசிலை ஊதி, கையை எதிர்ப்பக்கம் நீட்டினார்.

"போச்சா?" என்றார் சவேரியார்.

"இல்ல!" என்று சாமியார் இரண்டு கையையும் தூக்கினார். "நின்னவ மேல வந்து இடிச்சது அவ தப்பு. பாயின்ட் செல்லாது. பந்து நமக்கு!"

திரையில் இடித்த பெண்ணே கை கொடுத்து ஜோஸ்லினைத் தூக்கிவிட்டாள். என்னவோ சொன்னாள். ஜோஸ்லின் வீங்க ஆரம்பித்த கண்ணோடு சிரித்தாள். மன்னார்ப் பக்கத்துப் பெண்ணாம், தமிழிலேயே மன்னிப்புக் கேட்டாளாம், பிறகு ஜோஸ்லின் சொன்னாள். மிச்ச விநாடிகளில், இலங்கை செய்த தவறால் கிடைத்த இரண்டு தனி வாய்ப்பையும் இந்தியா கூடையில் போட்டது. மூன்று புள்ளியில் ஜெயித்தது.

வெங்காயக் கூடை கவிழ்ந்தது. யாரோ கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த வெடியைக் கொளுத்தினார்கள். லீமாரோஸ் மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கிளாட்சன் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"ஒதுங்கியிருக்கலாம்ல அவ?" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஒதுங்க மாட்டாம்மா."

"அதான் பாத்தேனே" என்று மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குப் போட்டோல அந்தக் கண்ணு எப்படித் தெரியும்? அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

மறுநாள் பத்தரை மணிக்கு ஜோஸ்லின் வரவில்லை. மதுரையிலிருந்து வந்த கார் பரமக்குடி தாண்டி ஒரு லெவல் கிராசிங்கில் நின்றது. பதினொன்றுக்கு அழைப்பு மணி அடித்தார்கள். சாமியார், நேரம் இருக்கிறதே என்று ஒரு நீண்ட செபமாலையை ஆரம்பித்துவைத்தார். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனிக்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கோயிலை விட்டு ஓர் ஆள் வெளியே போகவில்லை. வாசலில் லீமாரோஸ் நின்றிருந்தாள்.

பதினொன்று இருபதுக்குக் கார் வந்தது. நீல நிறப் பயிற்சிச் சட்டையோடு ஜோஸ்லின் இறங்கினாள். இடது கண் பாதி மூடி, சுற்றிலும் கத்தரிக்காய் நிறம்.

"மன்னிச்சுருங்க மாமி. ரயில்வே கேட்டப் போட்டுட்டாக."

"பேச நேரமில்ல. ஏலே சோணைமுத்து! ஓடிப் போய் ஒரு பை ஐஸ் கொண்டா. ஐஸ் கம்பெனிக்காரன் கேட்டா லீமாரோஸ் கணக்குன்னு சொல்லு." மருமகளைக் கையைப் பிடித்து சாமியார் வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். சேலை கட்ட ஸ்டூல் போட்டு ஏறியது மாமியார்தான். பத்து நிமிஷத்தில் தந்த நிறப் பட்டில், தலையில் முக்காட்டோடு, ஒரு கண்ணில் ஐஸ் துணியை ஒற்றியபடி கல்யாணப் பெண் நடந்து வந்தாள். அவளுடைய அய்யா தொம்மை, அரிவாள் இல்லாத கையோடு, பெருமையாகக் கூட வந்தார்.

பீடத்தின் முன்னால் கிளாட்சன் அவளைப் பார்த்தான். அவள் நல்ல கண்ணால் அவனைப் பார்த்தாள்.

"வலிக்குதா?" என்றான் உதடு அசையாமல்.

"சிரிச்சா வலிக்குது. சிரிக்க வைக்காதீக."

தாலி கட்டும்போது அவள் தானாகவே முழங்காலை மடித்துக் கொஞ்சம் தாழ்ந்தாள். அவன் அதே நேரத்தில் குதிகாலை உயர்த்தினான். இரண்டு பேரும் இடித்துக்கொண்டார்கள். அவள் சிரித்தாள், "ஆ" என்றாள், மறுபடியும் சிரித்தாள். அதே முற்றத்துச் சிரிப்பு. சாமியார் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

ஒன்றே முக்காலுக்குள் பந்தி மூன்று முறை எழுந்தது. பிரியாணி சாப்பிட்ட கையைத் துடைத்த ஆண்கள் அப்படியே துறைமுகத்துக்கு ஓடினார்கள். காலியான மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே இலையில் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லீமாரோஸ் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சாச்சுல்ல. அடுத்து எங்க?"

"நவம்பர்ல மாமி. ஜப்பான்ல நடக்கும்னு சொல்றாக" என்றாள் ஜோஸ்லின், பயந்துகொண்டே.

"நீ ஒருத்தி போயா?"

"டீமோட மாமி."

"டீமுல ஐஸ் வைக்க ஆள் இருக்கா? பெஞ்சுல உக்கார வச்சா ஏன்னு கேக்க ஆள் இருக்கா?" லீமாரோஸ் எழுந்து, கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்த போட்டோக்காரரிடம் போனாள். "தம்பி, பாஸ்போர்ட்டுக்கு ஒரு போட்டோ எடுக்கணும். இப்பவே எடு. இந்தச் சேலை நல்லா இருக்கு."

வெள்ளைத் துணிக்கு முன்னால் அவள் நிமிர்ந்து நின்றாள். போட்டோக்காரர் ஒரு முறை பார்த்தார், கேமராவைத் தாழ்த்தினார்.

"அக்கா, பாஸ்போர்ட் போட்டோவுல சிரிக்கக் கூடாது."

"நான் எங்கலே சிரிக்கிறேன்?" என்றாள் லீமாரோஸ், முகமெல்லாம் சிரிப்பாக.